பொல்கொட ஏரியில் விற்பனைக்கு வந்த 28 அடி கேபின் குரூசர்: பரிசோதனையும் மதிப்பீடும்

கொழும்பில் கேபின் குரூசர் ஒன்றை, அதாவது தங்கும் அறையுள்ள மோட்டார் படகு ஒன்றை, வாங்க விரும்புபவருக்குத் தெரிவுகள் மிகக் குறைவு. புதிய படகை இறக்குமதி செய்வது பெரும்பாலானோரின் கைக்கு எட்டாத செலவு என்பதால், மொரட்டுவைக்கும் பிலியந்தலைக்கும் இடையே பொல்கொட ஏரியின் கரையோர வீடுகளிலும் விடுதிகளிலும் கட்டப்பட்டிருக்கும் பழைய படகுகளில் ஏதாவது ஒன்று கைமாறும் வரை காத்திருந்து, அது வரும்போது நன்றாகப் பார்த்து வாங்குவதே வழி. வெள்ளவத்தையில் இருக்கும் என் மைத்துனர் அப்படி ஒரு படகுக்கு விலை பேசத் தொடங்கியிருந்ததால், முற்பணம் கொடுப்பதற்கு முன் அதைப் பரிசோதிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஜப்பானில் கட்டப்பட்டு இருபது ஆண்டுகளைக் கடந்த 28 அடி பைபர் படகு. ஒற்றை டீசல் இயந்திரம். நால்வர் படுக்கக்கூடிய கேபின், சிறிய சமையல் மேடை, கழிவறை ஆகியவை உண்டு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏரிக்கு இது ஏற்ற படகு. இன்றைய நிலையில் கடலுக்கு ஏற்றதல்ல. கேட்கப்படும் விலைக்கு இரண்டுக்குமே ஏற்றதல்ல.

இத்தகைய படகுகளைப் பார்க்கப் போகிறவர்கள் ஆண்டையும் இயந்திரம் ஓடிய மணித்தியாலங்களையும் முதலில் விசாரிக்கிறார்கள். மோட்டார் வாகனம் வாங்கிப் பழகியதால் வந்த கேள்விகள் அவை. இங்கே அவற்றை விடப் பெரிய கேள்வி, படகு எந்த நீரில், எப்படி நின்றது என்பதாகும். பொல்கொட ஏரி பாணந்துறையில் கடலோடு கலப்பதால் அதன் நீர் முழுக்க நன்னீரும் அல்ல, முழுக்க உப்பும் அல்ல. அது ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவும் இருக்கிறது. பைபர் உடலின் வெளிப்பூச்சான ஜெல்கோட்டுக்குள் நீர் ஊடுருவுவது குளிர்ந்த கடலில் நடப்பதைவிட உப்புக் குறைந்த, சூடான நீரில் விரைவாக நடக்கும். ஜப்பானில் ஆண்டின் பெரும்பகுதியைக் கரையில் கழித்த படகும் இங்கே பத்து மழைக்காலங்களை ஏரியிலேயே கழித்த படகும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவையாக இருந்தாலும் ஒரே படகு அல்ல.

ஆகவே கரைக்குத் தூக்கிப் பார்க்காமல் எந்தக் கேபின் குரூசரையும் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கிரேன் லொறிக்கும் அகன்ற நாடாக்களுக்கும் ஆகும் செலவை வாங்குபவர் ஏற்பதே வழமை. உரிமையாளர் தயங்கினார் என்றால், அந்தத் தயக்கத்தையும் பரிசோதனையின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ளலாம். இந்த உரிமையாளர் தயங்கவில்லை. படகு தூக்கப்பட்டு, பாசியும் சிப்பிகளும் சுரண்டப்பட்டு, அடிப்பாகம் ஒரு நாள் உலர விடப்பட்டது. உலர விடாமல் ஈரப்பதமானியை வைத்தால் மேற்பரப்பின் ஈரத்தையே அது காட்டும் என்பதால் இந்தக் காத்திருப்பு அவசியமானது. நீர்க்கோட்டுக்குக் கீழே, குறிப்பாக வலப்பக்கத்தின் பின்பாதியில், உளுந்தளவிலிருந்து ஐம்பது சதக் குற்றியளவு வரையான கொப்புளங்கள் இருந்தன. ஒன்றைக் கத்தி முனையால் திறந்தபோது வினாகிரி மணத்துடன் பிசுபிசுப்பான திரவம் வெளிவந்தது. பிரசாரணத்தால் உண்டாகும் கொப்புளத்துக்கு அந்த மணமே போதுமான அடையாளம். ஜெல்கோட்டைக் கடந்த நீர், பிசினில் வினைபுரியாமல் எஞ்சியிருந்த பொருட்களோடு சேர்ந்து அமிலத் தன்மையுள்ள கரைசலாகி, மேலும் நீரை இழுத்துப் பூச்சைத் தள்ளுகிறது.

இதைக் கண்டதும் படகைக் கைவிட வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அது மிகையான அச்சம். கொப்புளத்தால் உடனே மூழ்கும் படகு மிக அரிது. கொப்புளம் பூச்சோடு நிற்கிறதா, அல்லது நாரிழை அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரியத் தொடங்கிவிட்டனவா என்பதுதான் விலையைத் தீர்மானிக்க வேண்டிய விடயம். பிளாஸ்டிக் தலையுள்ள சிறிய சுத்தியலால் ஒவ்வொரு சாணிலும் தட்டிக் கேட்டோம். அடிப்பாகம் முழுவதும் கூர்மையான ஒலியே வந்தது. அடுக்குகள் இன்னும் இறுக்கமாக இருக்கின்றன. கொப்புளங்களைத் திறந்து, கழுவி, பல வாரங்கள் உலரவிட்டு, எப்பொக்சி பூசினால் சீராகும். ஆனால் கொழும்பின் ஈரக் காற்றில் உலர்வது மிக மெதுவாகவே நடக்கும். கூரையின் கீழ் வைக்காமல் அந்த வேலையைத் தொடங்குவது பணத்தை ஏரியில் போடுவதற்குச் சமம்.

மேற்றளத்தில் கதை வேறு. எடை குறைய வேண்டும் என்பதற்காக இத்தகைய படகுகளின் மேற்றளத்தை இரண்டு பைபர் தகடுகளுக்கு நடுவே பல்சா மரத்தையோ நுரையையோ வைத்துக் கட்டுவார்கள். கைப்பிடிக் கம்பிகளும் நங்கூரக் கப்பியும் திருகப்பட்ட துளைகளில் பசை வெடித்தால் மழைநீர் அந்த மரத்துக்குள் இறங்கிவிடும். ஆண்டுக்கு 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்யும் கொழும்புப் பகுதியில் பசை வெடித்த ஒரு திருகாணித் துளை எவ்வளவு நீரைக் குடிக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. அணியத்தில், அதாவது படகின் முன்பகுதியில், நங்கூரக் கப்பியைச் சுற்றி ஏறக்குறைய ஒரு மேசையின் பரப்பளவுக்குச் சுத்தியலின் ஒலி மந்தமாகக் கேட்டது. குதிகாலை ஊன்றினால் தளம் சற்றே அமிழ்ந்தது. மேல் தகட்டை அறுத்தெடுத்து உக்கிய மரத்தை அகற்றி மாற்ற வேண்டிய வேலை இது.

கேபினுக்குள் அதற்கு நேர்மாறாக எல்லாம் அழகாகவே இருந்தது. மொரட்டுவைத் தச்சரின் கைவண்ணத்தைக் குறை சொல்ல யாராலும் முடியாது. தேக்கு முகத்தகடு புதிதாக ஒட்டப்பட்டு, விளிம்புகள் மழுங்க இழைக்கப்பட்டு, வார்னிஷ் மின்னியது. பழைய படகில் ஒரு பகுதி மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் அதன் பின்னால் பார்க்க வேண்டும். படுக்கையின் கீழ்ப் பலகையைக் கழற்றி, குறுக்குச் சுவர் படகின் உடலோடு சேரும் அடிவிளிம்பில் சுத்தியல் முனையை அழுத்தியபோது, வெளியே தேக்கும் உள்ளே ஈரமான ஒட்டுப்பலகையுமாக அது விரலளவு உள்ளே போயிற்று. உரிமையாளர் இதை அறிந்து மறைத்தார் என்று நான் நினைக்கவில்லை. தச்சரிடம் அழகாக்கும்படி கேட்டிருக்கிறார், தச்சரும் அழகாக்கியிருக்கிறார். இயந்திரத்தைத் தாங்கும் நீளவாட்டு விட்டங்களும் பின்பலகையும் திடமாக இருந்தன என்பதை இங்கே சேர்த்தே சொல்ல வேண்டும். அவை உக்கியிருந்தால் இந்த மதிப்பீட்டை நான் எழுதியிருக்கவே மாட்டேன். வேண்டாம் என்று ஒரு சொல்லோடு முடிந்திருக்கும்.

இயந்திரத்தைப் பார்ப்பதற்கு, கொழும்பு முகத்துவாரத்தில் மீன்பிடிப் படகுகளின் டீசல் இயந்திரங்களைப் பல காலமாகப் பழுதுபார்த்துவரும் ஒருவரை அழைத்துப் போயிருந்தேன். காலையில் இயந்திரம் குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டும், நாங்கள் வருமுன் இயக்க வேண்டாம் என்று முதல் நாளே தெரிவித்திருந்தோம். அவர் மூடியைத் திறந்ததும் சாவியைத் தொடவே இல்லை, இயந்திரத்தின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, “தம்பி, இது ஏற்கெனவே ஓடியிருக்குது. நாளைக்கு வருவம்” என்றார். உரிமையாளருக்கு அது பிடிக்கவில்லை. காவலாளி பழக்கத்தில் இயக்கிவிட்டதாக விளக்கம் சொன்னார். இருந்தும் மறுநாள் போனோம். தேய்ந்த டீசல் இயந்திரம் சூடான பின் ஒழுங்காகவே கிளம்பும். நெருக்கம் குறைந்த சிலிண்டரும் ஒழுகும் இன்ஜெக்டரும் முதல் குளிர்த் தொடக்கத்தில்தான் தம்மைக் காட்டிக்கொள்ளும். இது நீண்ட நேரம் சுழன்ற பிறகே கிளம்பியது. சில நிமிடங்களுக்கு வெண்புகை வந்து, பின்பு தெளிந்தது. எரியாத டீசலும் வெண்புகையாகவே வரும், வெளியேற்றக் குழாயில் நீராவியாகும் நீரும் வெண்புகையாகவே வரும். நீரின் மேல் எண்ணெய்ப் படலம் பரவியதால் இது எரியாத டீசல் என்று தெரிந்தது. நீலப்புகை, அதாவது மசகெண்ணெய் எரிவதன் அடையாளம், தென்படவில்லை.

மணித்தியாலக் கருவி காட்டிய எண் மிகவும் குறைவு. விற்பவர் அதைத்தான் முதன்மையான சிறப்பாகச் சொன்னார். எனக்கு அது கவலையையே தந்தது. 2020இல் ஊரடங்கு, 2022இல் எரிபொருள் வரிசையும் பின்னர் கியூஆர் ஒதுக்கீடும் என்று இந்த ஏரியின் படகுகள் பலவும் நீண்ட காலம் அசையாமல் கிடந்தன. கடல் இயந்திரத்துக்கு ஓய்வு நன்மை செய்வதில்லை. குளிரூட்டும் பம்பின் றப்பர் இறகுகள் ஒரே வளைவில் இறுகிவிடுகின்றன. தாங்கியின் அடியில் சேரும் நீரில் நுண்ணுயிர்கள் பெருகி, கறுத்த கூழாக வடிகட்டியை அடைக்கின்றன. வெளியேற்றப் புகையோடு நீர் கலக்கும் முழங்கைக் குழாய் உள்ளிருந்து அரிபடுகிறது. அந்தக் குழாய் ஓட்டையானால் நீர் சிலிண்டருக்குள் திரும்பி வரலாம் என்பதால், கழற்றிப் பார்க்கும்படி வற்புறுத்தினேன். உட்புறம் துருச் செதில்களால் பாதி அடைபட்டிருந்தது. எரிபொருள் வடிகட்டியின் கண்ணாடிக் குவளையில் நீரும் கருமையான படிவும் தெளிவாகத் தெரிந்தன. மசகெண்ணெயின் மாதிரி ஒன்றையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். இரும்பின் அளவு தேய்மானத்தையும் சோடியத்தின் அளவு உப்புநீர் புகுந்திருப்பதையும் காட்டும். அறிக்கையில் அச்சப்பட எதுவும் இல்லை. அடிப்படையில் இது நல்ல இயந்திரம், கவனிப்பாரற்றுக் கிடந்த இயந்திரம்.

இந்தப் படகின் மிக முக்கியமான பலவீனம் பின்பலகைக்கு வெளியே தொங்குகிறது. இயந்திரம் உள்ளேயும், கியரும் புரொப்பெலரும் வெளியேயும் அமையும் ஸ்டெர்ன்டிரைவ் முறையை வொல்வோ பென்டா நிறுவனம் 1959இல் சந்தைக்குக் கொண்டுவந்தது முதல் இந்த அளவுப் படகுகளில் அது பரவலாகிவிட்டது. இடத்தை மிச்சப்படுத்தும், ஆழம் குறைந்த இடத்தில் மேலே உயர்த்தலாம், திருப்புவது இலகு. ஆனால் பின்பலகையில் உள்ள பெரிய துளையை நீர் புகாமல் காப்பது ஒரு றப்பர் துருத்தி மட்டுமே. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டிய அந்தத் துருத்தி எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு எந்தப் பற்றுச்சீட்டும் கிடைக்கவில்லை. டிரைவை முழுவதுமாக உயர்த்தி, துருத்தியின் மடிப்புகளை விரல்களால் விரித்துப் பார்த்தபோது, உள்மடிப்பில் மயிரிழை வெடிப்புகள் வரிசையாகத் தெரிந்தன. அதோடு டிரைவின் அலுமினிய உறையின் மேல் படகின் அடிக்குப் பூசும் சிவப்பு நிறப் பாசித்தடுப்புப் பூச்சையே தாராளமாகப் பூசியிருந்தார்கள். செம்பு கலந்த பூச்சு அலுமினியத்தோடு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரிபடும். உறையின் கீழ்ப்பகுதியில் பூச்சு உப்பிய இடங்களைச் சுரண்டியபோது வெண்பொடியும் குழிகளும் வெளிப்பட்டன.

அனோட்டுகளைக் காட்டி, “பாருங்கள், புதிது போலவே இருக்கின்றன” என்று உரிமையாளர் பெருமைப்பட்டார். பிற உலோகங்களுக்காகத் தான் கரைவதே அனோட்டின் பணி. ஆண்டுக்கணக்கில் கரையாத அனோட்டு வேலை செய்யாத அனோட்டு. இங்கே பொருத்தப்பட்டிருந்தது நாகம், அதாவது துத்தநாகம். அது கடலுக்குரியது, உப்புக் குறைந்த நீரில் அதன் மேல் ஓர் அடர்ந்த படலம் உருவாகிச் செயலிழந்துவிடும். நன்னீருக்கு மகனீசியமும், பொல்கொட போன்ற கலப்பு நீருக்கு அலுமினியக் கலப்புலோகமும் பொருந்தும். டிரைவின் மசகெண்ணெயை அடித்திருகைத் திறந்து சிறிது எடுத்துப் பார்த்தோம். பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். நல்லவேளையாக அது தெளிவாக இருந்தது.

ஓட்டிப் பார்த்தது ஏரியில் மட்டுமே. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் பாணந்துறை முகத்துவாரத்தைக் கடந்து கடலுக்குள் போவது, பரிசோதனைக்காகக்கூட, அறிவுடைய செயல் அல்ல. மற்ற மாதங்களிலும் அங்கே மணல் திட்டு இடம் மாறிக்கொண்டிருக்கும். வழியில் பாலங்களும் உண்டு. கடலுக்குப் போவதற்காக இந்த ஏரியில் படகு வாங்குபவர்கள், நீர்க்கோட்டிலிருந்து கேபினின் உச்சி வரையான உயரத்தை அளந்து, அதைப் பாலத்தின் அடியோடு ஒப்பிட்ட பின்பே விலை பேச வேண்டும். இது சிறிய விடயம் போலத் தோன்றினாலும், ஏரியை விட்டு வெளியேறவே முடியாத படகைக் கடற்படகின் விலைக்கு வாங்குவதைத் தடுக்கும்.

எரிபொருளும் நீரும் நிரம்பிய நிலையில், ஆறு பேரை ஏற்றி, திறந்த நீர்ப்பரப்பில் முழு வேகத்துக்கு உயர்த்தினோம். வெறும் படகை ஓட்டிக் காட்டுவது விற்பவருக்கு வசதி, வாங்குபவருக்குப் பயனில்லை. இந்த இயந்திரத்துக்கு உற்பத்தியாளர் குறித்த உச்சச் சுழற்சி நிமிடத்துக்கு 3,800. எமக்குக் கிடைத்தது 3,300 அளவே, கரும்புகையும் உடன் வந்தது. இயந்திரம் தனக்கு மீறிய சுமையை இழுக்கிறது, அல்லது அதற்குப் போதிய காற்று கிடைக்கவில்லை என்பதே கரும்புகையின் பொருள். எரிபொருள் போதாவிட்டாலும் சுழற்சி குறையும். பாதி அடைபட்ட வெளியேற்றக் குழாயும் அழுக்கான வடிகட்டியும் இருக்கும்போது வேறு காரணம் தேடத் தேவையில்லை. எனினும் அவற்றைச் சீர்செய்த பின்னர் மீண்டும் ஒரு முறை ஓட்டிப் பார்த்து 3,800ஐ எட்டுகிறதா என்று உறுதிப்படுத்தாமல் முழுப் பணத்தையும் கொடுக்கக் கூடாது. வெப்பமானி முழு வேகத்தில் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனதும் கவனிக்கத்தக்கது. திரும்பும் வழியில், குளிரூட்டும் நீரை உறிஞ்சும் பாதையிலுள்ள வடிகட்டியைத் திறந்தால் அதற்குள் ஆகாயத்தாமரையின் வேர்நார்கள். பொல்கொடவில் படகு வைத்திருப்பவர்கள் அந்த வடிகட்டியைத் திறந்து துடைப்பதைப் பல் துலக்குவது போல் பழகிக்கொள்ள வேண்டும்.

மின்சார இணைப்புகள் என்னை மிகவும் சங்கடப்படுத்தின. ஜப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இலங்கையில் 230 வோல்ட். ஜப்பானிலிருந்து வந்த படகின் குளிரூட்டி, பற்றரி மின்னேற்றி, நீர்ச்சூடாக்கி எல்லாம் அந்த 100 வோல்ட்டுக்கு உரியவை. அவற்றைப் பயன்படுத்துவதற்காக யாரோ படுக்கையின் கீழ், எரிபொருள் குழாய்க்குப் பக்கத்தில், ஒரு மின்மாற்றியை வைத்து, வீட்டுச் சுவரில் பொருத்தும் 13 அம்பியர் பிளக் வழியாகக் கரை மின்சாரத்தை இணைத்திருக்கிறார்கள். கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் ஆளி இல்லை. வீட்டுக்குரிய ஒற்றைச் செப்புக் கம்பி, படகின் அதிர்வில் நாளடைவில் முறியும். இதையெல்லாம் பழுதுபார்க்க முயலாமல் முழுவதுமாகக் கழற்றி, வெள்ளீயம் பூசிய பல்லிழைக் கம்பியால் புதிதாக இணைப்பதே சரி. படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்பின் மிதவை ஆளியை உயர்த்தியபோது பம்ப் இயங்கவில்லை. தொடர்மழையில், ஆளில்லாத படகு துறையிலேயே மூழ்குவதற்கு இதைவிட வேறொன்றும் வேண்டாம்.

தங்கும் வசதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறடி உயரமுள்ளவர் கேபினில் தலையைச் சற்றுக் குனிய வேண்டும். ஜன்னல்கள் சிறியவை, குளிர்நாட்டுக்கு அது பொருந்தும், இங்கே குளிரூட்டி இல்லாமல் ஓர் இரவு உறங்குவது கடினம். சமையல் மேடையின் எரிவாயு உருளையை உள் அலுமாரியில் வைத்திருப்பது ஆபத்தானது. எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும். ஆகவே வெளிப்புறமாக வடியும் துளையுள்ள தனிப்பெட்டியிலேயே உருளை இருக்க வேண்டும். கழிவறையின் குழாய் நேரே ஏரிக்குள் திறக்கிறது. அதே ஏரியில் மீன் பிடிப்பவர்களும் குளிப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால், கழிவுத் தாங்கி பொருத்துவதை நான் விருப்பத் தெரிவாகக் கருதவில்லை.

பத்திரங்களில் உடலில் பொறிக்கப்பட்ட இலக்கம், இயந்திரத்தின் தொடர் இலக்கம், சுங்க ஆவணம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இங்கே உடல் இலக்கம் பொருந்தியது. இயந்திரத்தின் இலக்கம் பொருந்தவில்லை. இடையில் இயந்திரம் மாற்றப்பட்டதாக உரிமையாளர் சொல்கிறார். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் மாற்றிய இயந்திரத்துக்கான கொள்வனவுச் சீட்டு இல்லாமல் அதை ஏற்க முடியாது.

துருத்தி, டிரைவ் உறை, வெளியேற்றக் குழாய், எரிபொருள் தாங்கி சுத்திகரிப்பு, அணியத்தின் மேற்றளம், குறுக்குச் சுவர், மின்னிணைப்பு, கொப்புளம் என்று எல்லாவற்றுக்கும் மொரட்டுவையிலும் முகத்துவாரத்திலும் விலை விசாரித்ததில், மொத்தம் கேட்கப்பட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. அதில் கொப்புள வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம். துருத்தியையும் மின்னிணைப்பையும் ஒரு வாரத்துக்கும் தள்ள முடியாது. உடலும் விட்டங்களும் பின்பலகையும் திடமாக இருக்கும் 28 அடிப் படகு இந்த ஏரியில் அடிக்கடி விற்பனைக்கு வருவதில்லை என்பதால், விலையில் அந்த மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, இயந்திரத்தின் கொள்வனவுச் சீட்டையும் கேட்டு, துருத்தி மாற்றப்படும் வரை படகை நீரில் இறக்கக் கூடாது என்ற நிபந்தனையுடன் மைத்துனர் எழுத்து மூலம் விலை சொல்லியிருக்கிறார். உரிமையாளர் யோசிப்பதற்கு இரண்டு வாரம் கேட்டுள்ளார். அதற்கிடையில் பிலியந்தலைப் பக்கம் இன்னொரு படகு இருப்பதாகத் தரகர் சொல்கிறார். அதையும் முதலில் கரைக்குத் தூக்கச் சொல்லியிருக்கிறோம்.